காவிரிப் படுகையில் குடும்ப விடுமுறையும் ஒரு மாரத்தானும்: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி போன்ற ஊர்களின் சுவர்களில், கல்யாண வாழ்த்துக்கும் கோயில் திருவிழா அறிவிப்புக்கும் நடுவே மாரத்தான் சுவரொட்டிகளையும் இப்போது பார்க்க முடிகிறது. விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வருகிறவர்களுக்கும், கோயில்களைப் பார்க்கப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஆனால் குடும்பப் பயணத்தின் ஒழுங்கு வேறு, ஓட்டத்துக்கான ஒழுங்கு வேறு. ஒன்று விருந்து, பேச்சு, கண்விழிப்பு என்று போகும். மற்றது அளவான உணவையும் நேரத்துக்குத் தூக்கத்தையும் கேட்கும். இரண்டையும் சேர்த்து நடத்தப் பல ஆண்டுகளாக முயன்றதில் நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான்: ஓட்டத்தைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்க வேண்டும், கடைசி நாளில் வைக்கக் கூடாது. ஊருக்கு வந்த மறுநாள் காலையே ஓடி முடித்துவிட்டால், அதன்பின் வரும் நாட்கள் முழுவதும் வீட்டாருக்கு உரியவை. கடைசி நாளில் வைத்தால், அதுவரை நடந்த ஒவ்வொரு விருந்தையும் ஒவ்வொரு கோயில் படியையும் கவலையோடு எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த முடிவை ஒட்டியவை.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

மாரத்தான் என்ற சொல்லுக்கு உரிய தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அந்தத் தூரம், 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தச் சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. சுவரொட்டியில் மாரத்தான் என்று இருந்தால் அது 5 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம், 21.1 ஆகவும் இருக்கலாம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளையும் நடுவயதுக்காரர்களையும் ஒரே காலையில் தெருவுக்குக் கொண்டுவர அந்தச் சொல் உதவுகிறது. பணம் கட்டுவதற்கு முன் தூரத்தை எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

குடும்பத்தோடு வரும்போது 10 கிலோமீட்டரே பொருத்தம் என்பது என் கருத்து. ஆறு மாதமாக விடாமல் ஓடிவருகிறவர் 21.1 ஓடலாம். முழு 42.195 கிலோமீட்டரை இப்படிப்பட்ட பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். நீண்ட ஓட்டத்தின் தசைவலி ஓடிய அன்று உச்சத்துக்கு வருவதில்லை. அடுத்த 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள்தான் அது முழுமையாகத் தெரியும். சுவாமிமலையின் அறுபது படிகளைப் பிள்ளைகள் ஓடி ஏறும்போது நீங்கள் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஆகும். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், தூரம் எதுவானாலும், ஓடும் நாளில் மருந்தை எந்த நேரத்தில் எந்த அளவில் எடுப்பது என்று தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை மருந்தை விழுங்கிவிட்டு ஓடுவது ஆபத்தானது.

எந்தப் பருவத்தில் வருகிறீர்கள் என்பது எல்லாவற்றையும் மாற்றும்

காவிரிப் படுகை தட்டையான நிலம். மதகுப் பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான் இங்கே ஏற்றம். ஆகவே மேடு பள்ளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே ஓட்டத்தின் கடினத்தைத் தீர்மானிப்பவை வெயிலும், காற்றிலுள்ள ஈரமும், வயலில் நடக்கும் வேலையும்தான்.

பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாட்கள் மிகச் சிறந்தவை. விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கும். சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும். ஆனால் அதுவே சம்பா அறுவடைக் காலமும் கூட. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறி வந்த இடங்களில் தார்ச் சாலையில் களிமண் கட்டி கட்டியாகக் கிடக்கும். சில கிராமங்களில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப் போட்டிருப்பார்கள். பனி இறங்கிய வைக்கோலின் மேல் கால் வைத்தால் எண்ணெய் தடவிய தரையில் கால் வைப்பது போலத்தான் இருக்கும். ஒரு தை மாதத்தில், ஆற்றங்கரைச் சாலையின் வளைவு ஒன்றில், பொன்னிறமாக விரிந்து கிடந்த வைக்கோலின் அழகைப் பார்த்துக்கொண்டே ஓடி முழங்கை தேய விழுந்தேன். பக்கத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து, "ஓரமா வாங்க தம்பி, அது ராத்திரி பனியிலே ஊறிக் கெடக்கு" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிவிட்டார். வைக்கோலைக் கண்டால் ஓட்டத்தைக் குறைத்து, பாதத்தைத் தட்டையாக வைத்து, அடியைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். காயும் நெல்லின் மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் ஓடாதீர்கள். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அங்கே கிடக்கிறது.

கோடை விடுமுறை என்றால் கணக்கு வேறு. மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்கினி நட்சத்திரம். விடியற்காலையிலேயே புழுக்கம் தொடங்கிவிடும். சூரியனும் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். திருச்சியிலிருந்து கிழக்கே நாகப்பட்டினத்தை நோக்கிப் போகப் போகக் கடல் ஈரம் கூடும்; ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும்; ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும் என்பதால், பெங்களூரிலிருந்தோ உதகையிலிருந்தோ முந்தைய நாள் வந்திறங்கியவர் தம் ஊர் வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கோடையில் 10 கிலோமீட்டருக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம்; அதையும் ஐந்தரை மணிக்குத் தொடங்கும் ஓட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆடியில் வருகிறவர்களுக்குக் காற்று. மரபாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்கள். தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும். நீர்வரத்து நன்றாக இருக்கும் ஆண்டில், பதினெட்டாம் பெருக்கை ஒட்டி ஓடுகிறவருக்கு நிறைந்த ஆறு துணையாக வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஓடுகிறவர்கள் உடம்பால் அறிவார்கள். இங்கே ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. கரைச் சாலைகளும் அப்படியே. மேல்காற்று வீசும் காலத்தில் கிழக்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது மார்பில் மோதும். ஆகவே போகும்போது கிடைக்கும் எளிமையை நம்பி வேகம் எடுக்கக் கூடாது. சூரியனுக்கும் இதே கணக்குதான்: ஏழு மணிக்குமேல் கிழக்கு நோக்கி ஓடினால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முன்விளிம்புள்ள தொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது ஓட்டம் தள்ளிப்போகக் கூடும் என்ற எண்ணத்தோடுதான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவை

சிற்றூர் ஓட்டங்களை நடத்துகிறவர்களில் பலர் தங்கள் வேலைக்கு நடுவே மனமுவந்து செய்கிறவர்கள். தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இரண்டும் ஒரே இடமா, சாலையில் வண்டிகளை நிறுத்துவார்களா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், ஆம்புலன்ஸ் நிற்குமா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, நேரத்தைக் காலணியிலோ நெஞ்சு எண்ணிலோ (சட்டையின் முன்பக்கம் குத்திக்கொள்ளும் போட்டி எண்) ஒட்டும் மின்னணுச் சில்லால் அளக்கிறார்களா அல்லது கைக்கடிகாரத்தாலா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது தண்ணீர். நான் ஓடிய ஒரு போட்டியில் முதல் பந்தல்களில் கூட்டம் கூடித் தண்ணீர் தீர்ந்து, கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஒரு குவளை கூடக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். அன்றிலிருந்து அரை லிட்டர் பாட்டில் ஒன்று கையோடு இல்லாமல் நான் ஓடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பாதையின் வரைபடம் கிடைத்தால், வீட்டார் நிற்க ஓர் இடத்தை அதில் தேடுங்கள். போய்த் திரும்பும் பாதையாக இருந்தால், ஒரு பாலத்தின் முனையிலோ டீக்கடை ஓரத்திலோ நின்றபடி உங்களை இரண்டு முறை பார்க்க முடியும். வண்டியில் உங்களைத் தொடர்ந்து வருவது வேண்டவே வேண்டாம். ஆற்றங்கரைச் சாலைகள் குறுகலானவை, ஒரு கார் ஒதுங்கினால் ஓடுகிறவர்களுக்கு இடம் இருக்காது.

பயிற்சி

இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 10 கிலோமீட்டருக்குப் பத்து வாரம், 21.1க்குப் பதினாறு வாரம் கொடுங்கள். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடி, அவற்றில் ஒரு நாளை மட்டும் நீண்ட ஓட்டமாக வைத்து, அதைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிற வேகமே பெரும்பாலான நாட்களுக்குச் சரியான வேகம். கடைசி ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். புதுக் காலணியைப் பயணத்துக்காக வாங்கி அதிலேயே ஓடுவது தவறு. குறைந்தது நான்கு வாரம் பழகியதாக அது இருக்க வேண்டும்.

வீட்டாரோடு பேசி வைப்பதும் தங்குமிடமும்

ஓட்டத்தைப் பற்றி வீட்டில் சொல்வதைக் கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். அன்று காலை எட்டரை மணி வரை நீங்கள் இருக்க மாட்டீர்கள், பிற்பகலில் ஒரு மணி நேரம் தூங்குவீர்கள் என்ற இரண்டு செய்திகளையும் பயணத் திட்டம் போடும் அன்றே சொல்லிவிட்டால், யாருக்கும் மனக்குறை வராது. பிள்ளைகளுக்கான 2 அல்லது 3 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தால் அவர்கள் பெயரையும் பதிவு செய்யுங்கள். அந்த வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கும் கிராமத்துப் பிள்ளைகள், விலை உயர்ந்த காலணி அணிந்தவர்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் பறப்பதைப் பார்ப்பதே பெரிய மகிழ்ச்சி. என் மகள் ஓட்டத்தின் மேல் ஆசை கொண்டது அப்படி ஒரு காலையில்தான்.

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு உழவன் விரைவு ரயிலும், மன்னார்குடிக்கு மன்னை விரைவு ரயிலும் இரவில் புறப்பட்டு விடியலில் வந்து சேர்கின்றன. ஓடும் நாளன்றே வந்திறங்கி அப்படியே ஓடப் போகிற துணிச்சல் வேண்டாம். ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள். அறை எடுப்பதற்கு முன் நாட்காட்டியில் முகூர்த்த நாட்களைப் பாருங்கள். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் முகூர்த்தத்தன்று அறை கிடைப்பது அரிது; கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்தின் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை தூங்க விடாது. தெருவைப் பார்க்காத, பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடியிலும், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றிலும், ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும் கூடும் கூட்டம் சுற்று வட்டாரச் சாலைகளையே நிறைத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முந்தைய நாள்

காலை, பிற்பகல் என்று ஊர் சுற்றும் ஆசை வரும். ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: வெயில் நேரத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகாதீர்கள். ராசராசன் கட்டி 1010இல் முடித்த அந்தக் கோயிலின் பெரும் திருச்சுற்றில் நண்பகலில் கல்லும் செங்கல்லும் கொதிக்கும்; விரிப்பு போட்ட இடத்தைத் தாண்டிப் பத்தடி வெறுங்காலில் நடந்தால் உள்ளங்காலில் கொப்புளம் எழுந்துவிடும். கொப்புளத்தோடு 10 கிலோமீட்டர் ஓடுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய கோயிலை ஓடி முடித்த அன்று மாலைக்கு வைத்துக்கொண்டு, முந்தைய நாள் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் போன்ற நிழலான இடங்களைப் பாருங்கள்.

சாப்பாடுதான் பெரிய சோதனை. உறவினர் வீட்டில் தங்கினால் இன்னும் கடினம். நம் பக்கத்து அத்தைகள் இலையில் கை மறைக்கும் முன்பே அடுத்த கரண்டியைப் பரிமாறிவிடுவார்கள். "அத்தை, நாளைக்கு விடியக்காலம் ஓடணும், இன்னைக்கு ரசமும் மோரும் போதும்" என்று முதல்நாளே சொன்னால், "அதுக்கென்னப்பா, ஓடிட்டு வந்து சாப்பிடு, எடுத்து வைக்கிறேன்" என்பார்கள். இலையில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் வருத்தப்படுவார்கள். பகலில் வழக்கமான சாப்பாட்டைக் காரம் குறைத்துச் சாப்பிடுங்கள். இரவு ஏழரைக்குள் இட்லியோ இடியாப்பமோ ரசம் சாதமோ போதும். கும்பகோணம் கடப்பா என்னும் குழம்பும் திருவையாற்று அசோகா என்னும் இனிப்பும் மறுநாள் காத்திருக்கட்டும்.

இரவு படுப்பதற்கு முன் நெஞ்சு எண்ணைச் சட்டையில் நான்கு ஊக்கால் குத்தி, காலுறை, காலணி, தொப்பி, பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மாற்றுச் சட்டை ஆகியவற்றை ஒரே நாற்காலியில் வைத்துவிடுங்கள். அறையில் பிள்ளைகள் தூங்கும்போது விளக்கைப் போட்டுத் தேடுகிற நிலை வரக் கூடாது.

ஓடும் காலை

ஐந்தரை மணிக்கு ஓட்டம் என்றால் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் எண்ணெய் தடவிய இட்லி, மிளகாய்ப்பொடி இல்லாமல், இரண்டு. ஒரு பூவன் பழம். இது எனக்குப் பல ஆண்டுகளாக ஒத்துவந்த உணவு. காப்பி பழக்கமிருந்தால் குடிக்கலாம், பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகள் நான்கு மணிக்கே பால் காய்ச்சத் தொடங்கியிருக்கும். பழக்கமில்லாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள். தொடைகளுக்கு இடையிலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள். வியர்வை காயாத ஊரில் தோல் உரசிப் புண்ணாவது விரைவில் நடக்கும்.

சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைத்த பிறகுதான் ஓட்டம் தொடங்கும். அதற்குக் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஆகலாம். நின்ற இடத்திலேயே மெல்ல நடந்து உடம்பைச் சூடாக வைத்திருங்கள். தொடங்கியதும் இளைஞர்கள் அம்பு போலப் பாய்வார்கள், அவர்களோடு போகாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டரை உங்கள் பயிற்சி வேகத்தைவிட மெதுவாக ஓடுங்கள். ஊருக்குள் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம் அது. ஈரத் தெருவில் வழுக்கும் என்பது ஒன்று, குனிந்து கோலம் போடுகிறவர்களை ஒதுங்கிப் போகும் மரியாதை மற்றொன்று. வண்டிகளை நிறுத்தாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கடித்துவிட்டால், ஓட்டம் அங்கேயே முடிந்தது: சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயந்துகொண்டு லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை, பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் எடுத்துச் செல்வது நல்லது. 21.1 ஓடுகிறவர்கள் இரண்டு பேரீச்சம்பழத்தையோ ஒரு துண்டுக் கடலை மிட்டாயையோ பையில் வைத்துக்கொள்ளலாம்.

தலைச்சுற்றல், வாந்தி, உடல் சிலிர்ப்பு ஆகியவை வந்தால் நின்று நிழலுக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தடுமாறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அவரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே, 108ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் நேரம் எவ்வளவு வீணானாலும் ஆள் வரும் வரை அவரை விட்டு நகரக் கூடாது.

ஓடி முடித்த பிறகு

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். பதக்கத்தோடு பிள்ளைகளைப் புகைப்படம் எடுப்பதெல்லாம் அந்த நடையிலேயே ஆகட்டும். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு குவளை, பிறகு இளநீர், அரை மணி நேரத்தில் இட்லி பொங்கல் என்று போகலாம். ஆற்றில் குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: களைத்த கால்களோடு பெருக்கெடுத்த ஆற்றில் இறங்காதீர்கள். படித்துறையின் கடைசிப் படிகள் பாசி பிடித்தவை. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் துறையில், இடுப்பளவுத் தண்ணீருக்குள், துணையோடு மட்டும் இறங்கலாம்.

பிற்பகல் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, ஐந்து மணிக்கு மேல் பெரிய கோயிலுக்குப் போங்கள். தரை ஆறியிருக்கும், மெதுவாகச் சுற்றி வருவது இறுகிய கால்களுக்கு இதமாக இருக்கும். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு செல்லுங்கள். வலி உச்சமாக இருக்கும் அடுத்த நாளுக்கு நவக்கிரகத் தலங்களை வைப்பது என் வழக்கம். காரில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடந்து மீண்டும் ஏறுவதால் கால்கள் இறுகாது. கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம், 1620இல் டேனியர் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடி ஆகியவற்றைப் பின்வரும் நாட்களுக்கு வையுங்கள்.

தண்ணீர் தீர்ந்திருந்தாலும் பாதைக் குறி தவறியிருந்தாலும், நடத்தியவர்களுக்கு அந்த வாரத்திலேயே நிதானமாக எழுதுங்கள். நன்றாக நடந்தவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை அவர்கள் போடும்போது அந்தக் கடிதம் அவர்கள் கையில் இருக்கும்.

காலணியில் ஒட்டிய வண்டல் மண் காய்ந்தால் சிமெண்டு போல இறுகிவிடும். அன்றே அதை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, நிழலில் உலர்த்துங்கள். இரண்டாம் நாள் தாளை மாற்றினால், ஊர் திரும்பும் ரயிலுக்கு முன் காய்ந்துவிடும்.